தேர் நிற்கும் முனை

"அபி... மோர... நிறுத்து..."

போனில் அண்ணியின் குரல் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. திருவிழா நாளில் எங்கள் ஏரியாவில் டவர் படுத்துவிடும்.

தெரு முனையில், நீர்மோர்ப் பந்தலுக்குள், துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். முன்னால் பெஞ்சு. பெஞ்சின் மேல் டம்ளர்கள். பக்கத்தில் ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரும் அளவுக்கு ஓர் அண்டா. இஞ்சி, பெருங்காயம், கொத்தமல்லி வாசனை. மண்டையைப் பிளக்கும் பங்குனி வெயில். கைகள் நாலா பக்கமும் நீண்டுகொண்டே இருந்தன. எந்தக் கை எந்த முகத்துக்குச் சொந்தம் என்று பார்க்க நேரமில்லை. ஊற்று, கொடு, ஊற்று, கொடு.

தேர் வீதியின் வளைவில் தேரின் கலசம் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

மோரை நிறுத்துவதா? செம கடுப்பு எனக்கு. தேர் வருகிற நேரத்தில் மோரை நிறுத்தினால் ஊரே காறித் துப்பும். எங்கள் வீட்டு மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தேன். அண்ணி கைப்பிடிச் சுவரோரம் நின்று மஞ்சளாக எதையோ தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

பொன்னாடை.

அரிசி ஆலைத் தொட்டி

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு அம்மா கேட்டாள்: என் கம்பெனி, என் ஷிஃப்ட், என் பிரேக்கப் என்று என்னைப் பற்றியே எழுதிக் குவிக்கிறேனே, வீட்டில் டெல்லி வரைக்கும் போய் மெடல் வாங்கின ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று. தெரிகிறது. ஆனால் அண்ணியைப் பற்றி எழுதினால் அந்தப் பங்குனியையும் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை வாரம் டபாய்த்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணனின் மனைவி எஸ்தர், சென்னையில் கணிதப் பேராசிரியர். அப்ளைடு மேத்ஸ். "அப்டின்னா, ஸ்கூல்ல நம்ம படிச்ச கணக்குல இருந்து தப்பிச்சு வெளிய வந்த கணக்கா?" என்று கல்யாணத்துக்கு முன்பே கலாய்த்திருக்கிறேன். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே தலையாட்டியவர் அவர்.

வாலாஜாபாத் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பள்ளி விட்டதும் அண்ணி ஆலைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாராம். மேலே பெரிய தகரத் தொட்டி, கீழே சின்ன வாய். நன்றாகக் கொட்டிக்கொண்டிருக்கும் அரிசி திடீரென்று நின்றுவிடும். ஓர் அரிசி மணிக்கு இன்னொரு அரிசி மணி முட்டுக்கொடுத்து, வாய்க்கு மேலே வளைவு கட்டி, சும்மா நிற்கும். கம்பியால் தகரத்தைத் தட்டினால் மறுபடி கொட்டும். ஏன் நிற்கிறது என்று இவர் கேட்டதற்கு, அரிசிக்கே பசி இல்லை போல என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதில் போதவில்லை. அவ்வளவுதான் அண்ணியின் முழு கரியரும்.

காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி., பல்கலைக்கழகத்தில் முதலிடம், தங்கப் பதக்கம். சென்னையில் எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி. தலைப்பு இங்கிலீஷில் அரை முழ நீளம். சாரம், அரிசி ஏன் அடைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் பனி கொட்டும் ஒரு நாட்டில் ஆராய்ச்சி வேலை. அங்கேதான் அரிசியிலிருந்து மனிதர்களுக்கு மாறினார். ஸ்டேடியம், ரயில் நிலையம், கோயில் வாசல் என்று கூட்டம் எங்கே ஓடும், எங்கே நிற்கும், எங்கே நசுங்கும் என்பதற்குச் சமன்பாடுகள். ஆளும் அரிசியும் ஒன்றா என்று ஒருமுறை கேட்டேன். கிட்டத்தட்ட ஒன்றுதான், அரிசிக்குப் பயம் கிடையாது, அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் இத்தனை பக்கம் என்றார்.

திரும்பி வந்து சென்னையில் பேராசிரியர் ஆனார். இளம் விஞ்ஞானி விருது. டெல்லியில் ஒரு பெரிய பரிசு. வெளிநாட்டு மாநாடுகளில் முதல் உரை. இதற்கு நடுவே பீச் ட்ரெயினில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு என் அண்ணனைக் காதலித்தது தனி அத்தியாயம்.

கல்யாணம் லேசில் நடக்கவில்லை. நாங்கள் சிவன் கோயிலுக்குப் பட்டு நெய்து கொடுத்த பரம்பரை. அவர்கள் ஊர்க்கோடி, சர்ச், கூலி வேலை. அப்பா கடைசியில் தலையாட்டினார், ஆனால் மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. அண்ணி எதிரிலேயே நிற்பார். அப்பா என்னைப் பார்த்து, "அதுக்கு ட்ரெயினுக்கு டைம் ஆவலயான்னு கேளு" என்பார். நானும் திரும்பி, "டைம் ஆவலயா அண்ணி?" என்பேன். "ஆவல அபி" என்பார் அண்ணி. "ஆவலயாம்ப்பா" என்பேன். வருஷக்கணக்கில் நான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

பாலியஸ்டர் மரியாதை

ஒவ்வொரு விருதுக்குப் பின்னாலும் இங்கே நாலு பாராட்டு விழா நடக்கும். ஒவ்வொரு விழாவிலும் பொன்னாடை. அதைக் கொண்டுவந்து அண்ணி கூடத்தில் வைத்ததும் அப்பா எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்ப்பார். அவ்வளவுதான், தீர்ப்பு. பாலியஸ்டர். ஜரிகை பிளாஸ்டிக். பட்டு நெய்கிற ஊரில் பட்டு நெய்கிற வீட்டு மருமகளுக்கு இதைப் போர்த்தினவன் யார் என்று அம்மா தனியாக ஒரு ரவுண்டு திட்டுவாள்.

பிறகு அவை வேலைக்குப் போகும். ஒன்று மிக்சிக்கு உறை. ஒன்று இன்வெர்ட்டர் மேல். மஞ்சள் கலரில் பெரிதாக இருந்த ஒன்றை மொட்டை மாடியில் விரித்து அம்மா வடாம் பிழிவாள்.

அன்று அண்ணி கையில் இருந்தது அந்த வடாம் பொன்னாடைதான். கைக்கு அதுதான் கிடைத்திருக்கிறது.

முதல் நாள் மேடை

இப்போது மண்டகப்படியைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவைத் தப்பாக நினைப்பீர்கள்.

தேர் சுற்றி வரும்போது சில இடங்களில் நிற்கும். எங்கே நிற்கும், யாருக்காக நிற்கும் என்பது பரம்பரை உரிமை. அதற்குப் பெயர் மண்டகப்படி. எங்கள் தெரு தேர் வீதியைத் தொடுகிற முனை எங்களுடையது. முனையில் எங்கள் மோர்ப் பந்தல் இருக்கும், பந்தலுக்கு நேராகத் தேர் நிற்கும், தட்டு போகும், தீபாராதனை ஆகும். குருக்கள் இறங்கி வந்து அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டுவார். ஒரு முழப் பட்டுத் துணிதான். அதைக் கட்டிக்கொண்டு அப்பா நிற்கும்போது எனக்கே கொஞ்சம் கெத்தாக இருக்கும், பொய் சொல்வானேன்.

பந்தல் முனையில் இருக்கும் வரைதான் உரிமை. தெருவுக்குள் தள்ளிப் போட்டால் அது தேர் வீதியில் இல்லை. தேர் நிற்காது. அடுத்த வீதியில் இருக்கும் தண்டபாணி சித்தப்பா, அப்பாவின் பங்காளி, இதற்காகவே காத்திருந்தார். முனை உண்மையில் தன் அப்பாவுக்குச் சேர வேண்டியது என்று அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் விழாக் குழு அண்ணிக்குப் பாராட்டு வைத்தது. ஃப்ளெக்ஸில் அண்ணியின் முகத்தைவிடப் பெரிதாகக் குழுவினரின் முகங்கள். கணித மேதை, காஞ்சியின் பெருமை, எல்லாம் சொன்னார்கள். பொன்னாடை வந்தது. ஏற்புரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள்.

அண்ணி நன்றி சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

இந்த வருஷம் தேர் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, கூட்டம் எப்போதையும்விட அதிகமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் தேர் வீதிக்குப் போவார்கள். தேர் கிட்டே வந்ததும், வீதியில் நிற்கிறவர்கள் சக்கரத்துக்கு ஒதுங்கி அதே தெருவுக்குள் வருவார்கள். இரண்டு கூட்டமும் முட்டுகிற வாயில் பாதியைப் பந்தல் அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதிப் பாதியில் மோருக்கு ஆள் நிற்கிறார்கள். பந்தலை நாலைந்து வீடு தாண்டித் தெருவுக்குள் போடுங்கள். "இல்லன்னா அந்த முனையில ஆள் நசுங்கும்" என்று முடித்தார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நல்லவிதமாகத்தான், குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பார்களே அந்த மாதிரி. செயலாளர் மைக்கை வாங்கி, மேடம் எப்போதும் கணக்கு ஞாபகமாகவே இருக்கிறார் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"தேர் வடத்துல கையே வெக்காதவங்களுக்கு தேரப் பத்தி இன்னாப்பா தெரியும்?"

கை வைக்க விடாதது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த அப்பா எழுந்து போய்விட்டார். ஊரே கூடியிருந்த மேடையில், தன் மருமகள், தன் பந்தலை, தன் பங்காளி முன்னால் எடுக்கச் சொன்னாள். அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டில் சாப்பிடவில்லை. அண்ணன் ஓசூரில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான், சமாதானத்துக்கு ஆள் இல்லை. அண்ணி என்னைத் தூதுக்கு அனுப்பாமல், தானே போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்றார்.

"மாமா, ஒரு வருஷம் மட்டும். அடுத்த வருஷம் வேற வழி யோசிக்கலாம்."

அப்பா சுவரைப் பார்த்து என்னிடம் சொன்னார். "ஒரு வருஷம் நிக்கலன்னா அடுத்த வருஷம் அது நம்ம எடமே இல்லன்னு சொல்லு அபி. பட்டம் வாங்கினது அது. இத வாங்கினது எங்க தாத்தா."

நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. இருவரும் ஒரே கூடத்தில்தானே நின்றிருந்தார்கள்.

மறுநாள் முனைக்கு வராமல் இருப்பதுதான் நல்லது என்று அம்மா அண்ணியிடம் சொன்னாள். அதனால்தான் அவர் மாடியில்.

முனை

பொன்னாடை ஆடுவதைப் பார்த்தேன். பிறகு அவருடைய இன்னொரு கை எங்கே நீள்கிறது என்று பார்த்தேன். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

தலைகள் ஆடின. நடக்கவில்லை, ஆடின. தேர் வீதிப் பக்கம் ஓர் அசைவு கிளம்பி எங்கள் தெருவுக்குள் போனது, எதிலோ இடித்த மாதிரி நின்றது, திரும்பி வந்தது. அதில் ஒருவர்கூடத் தானாக அடி எடுத்து வைத்த மாதிரி தெரியவில்லை. சத்தமும் குறைந்துபோயிருந்தது. கொஞ்சம் முன்புவரை "பாப்பா, இங்க ஒண்ணு" என்று கத்தியவர்கள் இப்போது எதுவுமே கேட்கவில்லை. நீட்டின கையை மடக்கக்கூட முடியாமல் அப்படியே வைத்திருந்தார்கள். மேளம் மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

நான் இறங்கியபோது பெஞ்சு தானாக நகர்ந்து என் தொடையில் இடித்தது.

அப்பா பந்தலின் முன்கால் பக்கம் நின்றிருந்தார். பட்டு வேட்டி, விபூதி, கையில் தேங்காய் பழத் தட்டு. கண் தேரின் மேல்.

"அப்பா, மோர நிறுத்த சொல்றாங்க அண்ணி. மேல பாருப்பா."

"தேர் வந்துருச்சு. இப்ப எதுவும் பேசாத."

அடுத்த அசைவு வந்தது. பந்தல் மூங்கில் முனகியது. அப்பா அனிச்சையாக இடது கையை நீட்டி மூங்கிலில் விரல்களின் பின்பக்கத்தை வைத்தார். தினமும் காலையில் தறியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது அதுதான். பாவு நூலின் மேல் விரலின் பின்பக்கத்தை வைத்து, இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அறுந்துபோகிற அளவுக்கு இழுத்திருந்தால் உடனே தளர்த்துவார்.

விரல்களை எடுக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாடியைப் பார்த்தார்.

தட்டைத் தரையில் வைத்தார். சாமிக்கு எடுத்த தட்டை அவர் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளை எடுத்து, பந்தலின் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார்.

"அண்டாவ கட வாசல்ல தள்ளு. கீழ ஊத்திடாத, வழுக்கும்."

நானும் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அண்டாவையும் பெஞ்சையும் பூட்டியிருந்த கடையின் படியோரம் தள்ளினோம். கீற்றுக் கூரை சுவர் பக்கமாகச் சாய்ந்தது. அந்த இடம் திறந்ததும் கூட்டம் அதற்குள் பாய்ந்தது. ஆனால் தேர் வீதிப் பக்கமிருந்து இன்னும் ஆள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவர்கள் சாமியைப் பார்க்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுபடி முட்டியது.

அப்போதுதான் எங்கள் வீட்டு வாசல் கதவு திறந்தது.

எங்கள் வீடு முனையிலிருந்து இரண்டாவது. இங்கே நெசவு வீடுகள் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே நீளமான கூடம், கூடத்தில் தறி. அண்ணி மாடியிலிருந்து ஓடி வந்து முதலில் பின்கதவைத் திறந்திருக்கிறார். முன்கதவுக்கு வந்தபோது அம்மா குறுக்கே நின்றாளாம். தறியில் ஒரு கல்யாணப் புடவை, முக்கால்வாசி முடிந்தது, ஏறிக்கொண்டிருந்தது. அம்மா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, "எஸ்தரு, தறி இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னாளாம். அண்ணி ஜன்னலைக் காட்டினாராம். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பொம்பளையின் கன்னம் அழுந்தியிருந்தது. அம்மாவே தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

அப்பா அரிவாளைக் கடைப் படியில் எறிந்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். எப்படிப் போனார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. படியில் நின்று, கைக்குக் கிடைத்தவர்களை முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உள்ள போ. பின்னாடி வழி இருக்குது. நிக்காத, போய்க்கினே இரு."

உள்ளே அம்மா தறிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். யாரும் தறிக்குழியில் விழுந்துவிடாமலும், பாவின் மேல் சாய்ந்துவிடாமலும். "நேரா போங்க, நேரா போங்க. எப்பா, அது பட்டுப்பா, நேரா போ." பழக்கதோஷத்தில் ஒருவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அந்த மனிதரும் குனியப் பார்த்தார். "குனியாதய்யா, போய்யா" என்று அவளே முதுகில் ஒன்று வைத்தாள்.

அண்ணி பின்வாசலில் நின்று ஆட்களை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். கூடத்துக்குக் குறுக்கே அப்பா சத்தம் போட்டுக் கேட்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"தேர் தாண்டுற வரைக்கும் மாமா. விடாதீங்க."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் நேராக அண்ணியிடம் கேட்ட முதல் கேள்வி அது. அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

தேர் வந்தது. முனையில் நின்றது. ஒலிபெருக்கியில் செயலாளர் அப்பாவின் பெயரைச் சொல்லி, மண்டகப்படிதாரர் ஏகாம்பரம் தேருக்கு முன்னால் வரவும் என்று கூப்பிட்டார். கொஞ்சம் விட்டு மறுபடி கூப்பிட்டார். குருக்கள் கையில் பரிவட்டத்தோடு இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் வாசலிலிருந்து முனை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். அப்பாவுக்குக் கேட்டது. ஒருமுறை கழுத்தைத் திருப்பினார். அவருடைய கையில் ஒரு பெரியவரின் மணிக்கட்டு இருந்தது. அதை விடவில்லை.

ஒலிபெருக்கி வேறு பெயரைச் சொன்னது. தண்டபாணி சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தலையைக் குனிந்தார். பரிவட்டம் கட்டினார்கள்.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு திரும்பி அடுத்த ஆளை இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை

மறுநாள் பேப்பரில், தேரோட்டம் சிறப்பாக நடந்தது என்று போட்டிருந்தார்கள். உண்மைதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு பெரியவருக்கு மயக்கம், எங்கள் கூடத்தில் ஒரு மூட்டை ஒற்றைச் செருப்பு, கல்யாணப் புடவையின் முந்தியில் யாரோ கை வைத்த மோர்க் கறை. அம்மா அதற்கு ஒரு வாரம் அழுதாள்.

அதுதான் பிரச்சினை. எதுவும் ஆகவில்லை.

அப்பா அரிவாளால் பந்தலை வெட்டும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. சாமி வரும்போது பந்தலை வெட்டினான், சாமி குத்தம் என்றார்கள். கிறிஸ்தவ மருமகள் பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றார்கள். குழு கூடியது. தேர் நின்ற நேரத்தில் இடத்தில் இல்லாததால் முனை மண்டகப்படி தண்டபாணிக்கு என்று முடிவானது. பந்தல் அதே முனையில், இன்னும் பெரிதாக, என்று சித்தப்பா அறிவித்தார். அதே வாய், அதே கூட்டம், இன்னும் பெரிய அடைப்பு.

அண்ணி முட்டி மோதி முயற்சி செய்தார். குழுவைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், லேப்டாப்பில் புள்ளிகள் நகர்கிற படம் போட்டுக் காட்டினார். எல்லோரும் காபி கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: நடந்துதா?

"ஆள் செத்திருந்தா என் தியரி கரெக்ட்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "சாவலன்னா நான் பயமுறுத்துறேன். நடக்காததுக்கு எப்படி அபி ப்ரூஃப் குடுக்கறது?"

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு பெரிய கௌரவம் வந்தது. நாட்டின் விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்துகிற ஓர் அமைப்பு, கூட்ட நகர்வு பற்றிய ஆராய்ச்சிக்காக அண்ணியை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த வயதில் கிடைப்பது அபூர்வமாம். வீட்டுக்குப் போன் மேல் போன். உலகம் முழுக்க அவர் சொல்வதைக் கேட்கிறது, எங்கள் தெரு முனையைத் தவிர.

சித்தப்பாவிடமிருந்தும் ஆள் வந்தது. புது மண்டகப்படிதாரர் என்கிற முறையில் ஊர்ப் பெருமைக்குப் பட்டுப் போர்த்த ஆசைப்படுகிறாராம். சுத்தப் பட்டாம். எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதிலேயே ஒரு குத்து இருந்தது.

அண்ணி போகிறேன் என்றார். அம்மா முகத்தைத் தூக்கினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

சித்தப்பா வீட்டில்

நானும் கூடப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததே அன்றுதான். சித்தப்பா நாற்காலி போட்டார். அப்பாவைப் பார்த்ததும் கொஞ்சம் திணறினார், ஆனாலும் பட்டைத் தட்டில் எடுத்து வைத்தார். அப்பாவின் விரல் துணிப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

அண்ணி பட்டைத் தொடவில்லை. பட்டு வேண்டாம், பந்தலை உள்ளே தள்ளிப் போட்டால் போதும், அதுதான் எனக்கு மரியாதை என்றார். பொறுமையாக, படம் எதுவும் காட்டாமல், முதலிலிருந்து சொன்னார்.

சித்தப்பா கடைசிவரை கேட்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னாண்ணா, உனக்கு இல்லன்னு ஆனதும் எனக்கும் இருக்கக் கூடாதா? வயித்தெரிச்சலுக்கு மருமவள அனுப்புறியா?"

"நான் அனுப்பல" என்றார் அப்பா. "அதுதான் என்னைக் கூட்டிக்கினு வந்துச்சு. தண்டபாணி, நான் மூங்கில தொட்டுப் பாத்தேன்டா. அறுந்துக்கினு போற பாவு மாதிரி இருந்துச்சு."

"நீ சொன்னா? நீ உட்டுட்டு நிக்கிற ஆளு. நீ வேற இன்னா சொல்லுவ?"

மேடையில் மைக்கைப் பிடுங்கியபோது அண்ணி நின்ற மாதிரியே இருந்தது அப்பா உட்கார்ந்திருந்தது. இனி அந்த ஊரில் இந்த விஷயத்தைச் சொல்லத் தகுதியே இல்லாத இரண்டாவது ஆள் அவர்.

உள்ளேயிருந்து சித்தப்பாவின் மருமகள் நிவேதா காபித் தட்டோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அன்னிக்கி நான் அங்க இருந்தேன்."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பச்சைப் பிள்ளைக்காரி, வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று அன்று கட்டளை போட்டிருந்தார்களாம். எல்லோரும் கிளம்பிய பிறகு குழந்தைக்குத் தேர் காட்ட அவள் தனியாக வந்திருக்கிறாள்.

"கால் தரையில படல மாமா" என்றாள். "நான் நிக்கல. அவங்க எல்லாரும் இறுக்குனதுல மேல தொங்கிக்கினு இருந்தேன். பாப்பாவ தலைக்கு மேல தூக்கிட்டேன். எனக்குக் கை மரத்துப்போச்சு. யாரோ வாங்கினாங்க. யாருன்னு பாக்கக்கூட முடியல. அப்பறம் இந்தப் பெரிய மாமாதான் என் கையப் புடிச்சு இழுத்தாரு. அவரு என் முகத்தப் பாக்கல. பின்தெருவுல யாரோ ஒரு அம்மா கிட்டருந்துதான் இவள வாங்கினேன்."

குழந்தை அவளுடைய தாலிச் சரட்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"இத்தினி நாளு ஏம்மா சொல்லல?" என்றார் சித்தப்பா. கோபமாகக் கேட்கவில்லை.

"திட்டுவீங்கன்னு."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய மெடல் வாங்கியபோதுகூட அவர் முகம் அப்படி நான் பார்த்ததில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நேரம் நின்ற ஆளை யாரோ நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி.

சித்தப்பா பட்டுத் தட்டைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ உள்ள தள்ளணும்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி சொன்னார்.

"அவ்ளோ உள்ள போனா தேர் நிக்காதேம்மா."

அண்ணியின் சமன்பாட்டில் அது கிடையாது. அப்பாதான் காபியை எடுத்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நிக்காதுதான். எனக்குந்தான் நிக்கல. செத்தா பூட்டேன்?"

அடுத்த பங்குனியில் சித்தப்பா பந்தலைத் தெருவுக்குள் தள்ளிப் போட்டார். தேர் அந்த முனையில் நிற்காமல் போனது.